நகல் ஒன்றுக்கு இரண்டு பாட்

அலுவலகம் எட்டரைக்குத் திறக்கும்.
என் இயந்திரம் ஏழேமுக்காலுக்கே சூடாகிவிடும்.
உடோன் தானியில், குடிவரவுக் கட்டடத்துக்கு எதிரே,
தூங்குமூஞ்சி மரத்தடியில்
ஒரு மேசை, ஒரு குடை, ஒரு ஜெராக்ஸ், நான்.

வருகிறவர்கள் எல்லாம் வெள்ளைத் தலை.
காலுறை மாட்டி அதன்மேல் செருப்புப் போட்டவர்கள்.
கப்பலில் கொதிகலன் பார்த்தவர்,
பள்ளியில் கணக்குச் சொன்னவர்,
பனி வழிக்கும் வண்டி ஓட்டியவர்.
அங்கே என்னவாக இருந்திருந்தாலும்
இங்கே ஒரே கேள்விதான்:
இன்னும் அதே வீட்டில்தானா?

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை
ஆமாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.
பதினைந்து நாள் முந்தலாம், ஏழு நாள் பிந்தலாம்,
எட்டாம் நாள் வந்தால் இரண்டாயிரம் பாட்.
நோங்காய்ப் பாலம் தாண்டி
லாவோஸில் ஒரு பீர் குடித்துத் திரும்பினால்
எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.
வந்து படுத்த இரவை வீட்டுக்காரர்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.
தங்கியவர் சொல்வது ஒரு தாள்,
தங்கவைத்தவர் சொல்வது இன்னொரு தாள்.

எனக்குச் சட்டம் தெரியாது,
பக்கங்கள் தெரியும்.
முகம் உள்ள பக்கம், விசா, கடைசி முத்திரை.
ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்து.
இது நான்தான் என்று
தங்கள் தாடையின் மேலேயே எழுதுகிறார்கள்.

உர்ஹோ கெத்துனென்,
பின்லாந்தில் துறைமுகக் கிரேன் ஓட்டியவர்.
பதினோரு வருடமாக அவருக்குப் படிவம் நிரப்பியது
மனைவி சம்னியங்.
என் முக்காலியில் உட்கார்ந்து
கொய்யாவை மிளகாய் உப்பில் தோய்த்துத் தின்றபடி
114/3 என்று பெரிதாக எழுதுவாள்.
'எங்கே ஓடிவிடப் போகிறான்,
சாலையைக் கடக்கவே கால்மணி ஆகிறது' என்பாள்.
அவர் நாணயங்களை வரிசையாக அடுக்கி வைப்பார்,
குறையாது, மிகாது.

இந்த முறை முக்காலியில் வேறொருத்தி.
சம்னியங்கின் தம்பி மகள் பச்சரின், இருபத்துநாலு வயது.
மண் அந்நியர் பெயரில் நிற்காது,
வீட்டை அவளுக்கு எழுதிவைத்திருந்தாள் அத்தை.
நீல அட்டை வீட்டுப் புத்தகத்தை நீட்டினாள்.
சம்னியங் பெயர் மேல் சிவப்பில் ஒரே சொல்: இறப்பு.
என் இயந்திரத்துக்குச் சிவப்பு தெரியாது.
கறுப்பாகவே வந்தது, கொஞ்சம் கலங்கலாக.
இன்னொன்று எடுத்தேன்.
அந்தப் புத்தகத்தில் உர்ஹோவின் பெயரைத் தேடினேன்.
ஏன் தேடினேனோ.
அதில் அவர் என்றுமே இருந்ததில்லை.

உறவு என்ற கட்டத்தில் அவள் பேனா நின்றது.
உள்ளே போய்க் கேட்டு வந்தாள்.
வாடகைக்கு இருப்பவர் என்று எழுதச் சொன்னார்களாம்.
அவர் வெள்ளையடித்த சுவர்,
அவர் மாற்றிய தண்ணீர்க் குழாய்,
மேலே நாலுமுறை ஒழுகியதையும் அவரே அடைத்தார்.
வாடகைக்கு இருப்பவர்.
அப்படியானால் ஒப்பந்தம் வேண்டும்,
ஒப்பந்தத்தில் தொகை வேண்டும்.
'ஒன்றுமில்லை' என்றாள் பச்சரின்.
ஒன்றுமில்லை என்பது தொகை ஆகாதாம்.

உர்ஹோவுக்குத் தாய் மொழியில் நாற்பது சொல் இருக்கும்,
பாதி சாப்பாடு.
என் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
'சோங் பாட்' என்றார். இரண்டு பாட்.
மாதத்துக்கா என்று பச்சரின் கேட்டாள்.
மாதத்துக்குத்தான்.
அவள் சிரித்தாள், பிறகு மூக்கைத் துடைத்தாள்,
பிறகு எழுதினாள்.

பத்தேகாலுக்குத் துண்டுச் சீட்டைப்
பாஸ்போர்ட்டில் பின் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.
அடுத்த தேதியை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்,
அது அச்சிட்டே இருந்தும்.
மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறும்போது
என்னைப் பார்த்துத் தலை அசைத்தார்.
கிரேன் மேலிருந்து பார்த்தால்
அப்படித்தான் அசைப்பார்கள் போல.

கலங்கிய நகலைக் கிழிக்கவில்லை.
பின்பக்கம் வெள்ளை, வீணாக்குவானேன்.
மாலையில் அதில்தான் கணக்கு எழுதினேன்:
கெத்துனென், பதினான்கு பக்கம், இருபத்தெட்டு பாட்.
கெட்டுப்போன ஒன்றுக்குக் காசு வாங்கவில்லை.